கேப்டன் வெட்டும் முடி

முகாம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள பெரிய நர்ஸம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம். நீயும் உன் வார்டும், உன்னைக் கண்டாலே நடுங்கும் நோயாளிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உறையைப் பார்த்ததும் பதறியிருப்பாய். இந்த மனுஷன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு கடிதம் எழுதினார், அதிலும் பாதி காப்பியடித்தது, இப்போது என்ன திடீரென்று என்று. ஒன்றுமில்லை, போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். போன தடவை அணியில் யார் உள்ளே, யார் வெளியே என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்பே பேப்பரில் வந்துவிட்டதல்லவா? அதனால் இந்த முறை மேனேஜர் துணி ஊறவைக்கிற நீல வாளியோடு முகாம் வாசலிலேயே நின்றார். ஆட்டக்காரர், கோச், டாக்டர், சமையல்காரர் என்று பேதம் பார்க்காமல் எல்லார் போனும் வாளிக்குள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்துதான் கைக்கு வருமாம். உலகத்தில் கடிதம் என்று ஒன்று இருப்பது மட்டும் மேனேஜருக்கு மறந்துவிட்டது. அழுக்கு ஜெர்சிகளைச் சலவைக்கு எடுத்துப்போகும் வேன்காரர்தான் இப்போது என் தபால்காரர்.

ஒருவகையில் நல்லதுதான். போனில் நான் ‘ம்’ என்றாலே அது எந்த ‘ம்’ என்று கண்டுபிடிக்கிறவள் நீ. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தத் தடவை கால்பந்து முகாம் பழைய விளையாட்டு விடுதியில். குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு இருமல் போல ஒரு சத்தம் வரும், கடைசியில்தான் தண்ணீர். உதவிக் கோச்சான எனக்கும் கோல்கீப்பர் கோச்சுக்கும் ஒரே அறை. அவர் தூக்கத்திலும் ‘விடாதே, பிடி’ என்று கத்துகிறார். நேற்று பயந்து என் தலையணையை நானே கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கேப்டன், அதாவது உன் தம்பி, வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்துவிட்டான். மாடியில், ஜன்னல் ஓரக் கட்டில். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறான். ஏறி முடித்ததும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சுவரில் கைவைத்து நிற்கிறான். நான் பார்த்தேன் என்று எழுதமாட்டேன் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். வரியை அடித்துவிட மனம் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலைமைக் கோச் இளைஞர் அணியிலிருந்து மூன்று சின்னப் பயல்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு முழு மீசை தேறாது. ஒருவன் கோல்கீப்பர், எப்போதும் கொட்டாவி. இன்னொருவன் ஓரத்தில் ஓடுகிறவன். கொசு மாதிரி காதருகே வந்து வந்து போவான். மூன்றாமவன்தான் நமக்குச் சம்பந்தப்பட்டவன். நெட்டையென்றால் நெட்டை, ஒல்லியென்றால் ஒல்லி. சமையல்காரர் முதல் நாளே ‘ஒட்டடைக்கம்பு’ என்று பெயர் வைத்துவிட்டார். பையனும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ‘என்ன சார்’ என்று வந்து நிற்கிறான். இப்போது யாருக்கும் அவன் சொந்தப் பெயர் ஞாபகமில்லை.

ஒட்டடைக்கம்பு நிற்கிற இடம் உன் தம்பி நிற்கிற இடம். தடுப்பு வரிசைக்கு நட்டநடுவே, கோல்கீப்பருக்கு முன்னால்.

முகாமில் மொத்தம் இருபத்தாறு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இருபத்துமூன்று பேரை அறிவிப்பார்கள். மூன்று பேர் பெட்டியைக் கட்ட வேண்டும். ஞாயிறு ஜெயித்தால், நம் நாடு முதல்முறையாகப் பெரிய போட்டிக்குப் போகும். உன் தம்பி பன்னிரண்டு வயதிலிருந்து சுவரில் படம் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தானே, அந்தப் போட்டிக்கு. பெரிய போட்டி இன்னும் ஒரு வருஷம் கழித்து. அதுவரை ஓடக்கூடிய கால்கள் வேண்டும் என்பது தலைமைக் கோச்சின் கணக்கு. சரி, கேப்டனைப் பெஞ்சிலாவது உட்காரவைக்கலாமே என்று பேச்சுவாக்கில் போட்டுப் பார்த்தேன். கேப்டன் பெஞ்சில் உட்கார்ந்தால் பசங்கள் பந்தைப் பார்க்கமாட்டார்கள், பெஞ்சைத்தான் பார்ப்பார்கள் என்றார். மனுஷன் சொன்னது நியாயம்தான் என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் சீனியர்கள் ஜன்னலோர மேஜையில், சின்னவர்கள் கைகழுவும் இடத்துப் பக்கத்து மேஜையில். நேற்று தலைமைக் கோச் எல்லாரையும் கலைத்து உட்காரவைத்தார். ஒட்டடைக்கம்புக்கு உன் தம்பிக்கு நேர் எதிர் நாற்காலி. கூடம் முழுக்கக் கரண்டிச் சத்தம் மட்டும்தான். பையன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்கவே இல்லை. கடைசியில் உன் தம்பி வெண்ணெய்த் தட்டை அவன் பக்கம் தள்ளினான். அன்பாகத் தள்ளினானா, ‘இதையும் எடுத்துக்கோ’ என்று தள்ளினானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அணிக்குள் புதிதாக வருகிறவனுக்குக் கேப்டன்தான் முடி வெட்ட வேண்டும் என்ற அந்தப் பழக்கம் இன்னும் நடக்கிறது. அணி அறிவித்த அன்று சாயங்காலம், தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. உன் தம்பி முதலில் அணிக்கு வந்தபோது அப்போதைய கேப்டன் பின்தலையில் படிக்கட்டு கட்டி அனுப்பினாரே, நீ போட்டோவைப் பார்த்து ஒரு நாள் முழுக்க அந்த ஆளைத் திட்டினாயே! இவன் கேப்டன் ஆனபிறகு யாரும் அழுதுகொண்டு எழுந்திருப்பதில்லை. நீ சின்ன வயசில் அவனுக்கு வெட்டிவிட்ட பிடியிலேயே வெட்டுகிறான். காதை இரண்டு விரலால் முன்பக்கம் மடித்துப் பிடித்துக்கொண்டு. என் தலைக்கும் அந்தப் பிடி கிடைத்துக் காலமாயிற்று. நீ வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து வெட்ட ஆளில்லாமல், இடது காதுப் பக்கத்து முடியை வளர்த்து வலது காதுவரை இழுத்து ஒட்டிவைத்திருக்கிறேன். காற்றடிக்கும்போது நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது அதனால்தான். பசங்கள் அதை ஏதோ வியூகம் என்று நினைக்கிறார்கள்.

விமான நிலையத்தில் நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். எனக்குச் சோறு யார் போடுவார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. “அவனை இந்த ஒரு மேட்ச் ஆட வச்சிடுங்க, அதுபோதும்” என்றாய். நானும் நெஞ்சைத் தட்டினேன். அவன் பூட்ஸுக்காக நீ பதினேழு வயதிலேயே இரவு டியூட்டிக்குப் போனவள். உனக்கு அவன் தம்பி இல்லை, தலைப்பிள்ளை. எனக்குத் தெரியும். தட்டிய நெஞ்சு இன்னும் இங்கேதான் இருக்கிறது. கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் அசட்டு வீட்டுக்காரன்.


முகாம்,
புதன்கிழமை.

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நலம். நீ அங்கே நலம்தானே? வேன்காரர் காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சுருக்கம் எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

இன்று காலை எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஒரு மேட்ச். தலைமைக் கோச் இதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப் போகிறார் என்று சமையல்காரருக்குக்கூடத் தெரியும். அணியை இரண்டாகப் பிரிக்கிற வேலை என்னுடையது. இப்போது உன் வீட்டுக்காரனின் மூளை எப்படி வேலை செய்தது என்று கேள்.

முன்வரிசையில் கோல் போடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நாட்டிலேயே வேகமானவன். ஓடினான் என்று சொல்வதற்குள் ஓடிமுடித்திருப்பான். இன்னொருவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இருமுகிறான். நான் என்ன செய்தேன்? காய்ச்சல்காரனை உன் தம்பிக்கு எதிரில் போட்டேன். வேகக்காரனை ஒட்டடைக்கம்புக்கு எதிரில் ஏவிவிட்டேன். உன் தம்பி அலுங்காமல் நலுங்காமல் ஆடிவிடுவான், பையன் மூச்சுத் திணறி நாக்குத் தள்ளிவிடுவான், கதை முடிந்தது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஒருவரும் கண்டுபிடிக்க முடியாத ராஜதந்திரம்.

முதல் ஓட்டத்திலேயே வேகக்காரன் பையனைத் தாண்டிப் போனான். பையன் குப்புற விழுந்தான். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். இந்த வயதில், ஒரு பிள்ளை விழுந்ததற்குச் சந்தோஷப்பட்டேன், எழுதவே கூசுகிறது. இரண்டாவது தடவை பையன் கொஞ்சம் பின்தள்ளி நின்றான். தாண்ட முடிந்தது, ஆனால் கஷ்டப்பட்டு. மூன்றாவது தடவை வேகக்காரன் போக வேண்டிய இடத்தில் பையன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். அப்புறம் அவன் விழவே இல்லை. வேகக்காரன் இடது பக்கம் போனால் அங்கே ஒட்டடைக்கம்பு, வலது பக்கம் போனால் அங்கேயும் ஒட்டடைக்கம்பு. வீட்டில் ஒட்டடை அடிக்கும்போது எட்டாத மூலைக்கும் அது போய்விடுமே, அந்த மாதிரி.

உன் தம்பி பிழையே செய்யவில்லை. செய்வதற்கு ஏதாவது வந்தால்தானே! பந்தே வரவில்லை. காய்ச்சல்காரன் பாதி நேரம் முட்டியில் கைவைத்துக்கொண்டு நின்றான். நம்மவன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நின்றான். வராத பஸ்.

தலைமைக் கோச் ஒரு மடக்கு நாற்காலியோடு சுற்றுகிறவர். முதலில் மைதானத்து நடுக்கோட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். சிறிது நேரத்தில் எழுந்து, நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையன் இருக்கிற பக்கத்துக்கு நடந்தார். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. நாற்காலியும் மாறியது. பையன் போன பக்கத்துக்கே.

என் ராஜதந்திரத்தில் ஒரே ஒரு ஓட்டை: கடினமான பரீட்சையை யாருக்குக் கொடுக்கிறோமோ அவன்தான் பாஸாக முடியும். இது எனக்குத் தோன்ற ஒரு மேட்ச் முழுக்க ஆயிற்று.

மேட்ச் முடிந்து உன் தம்பி பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். மைதானத்தில் என்னை ‘சார்’ என்பான், வெளியே வந்தால் ‘அத்தான்’. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. இன்று வெளியே, படியில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், “காய்ச்சக்காரனுக்கு மாத்திரை குடுத்தீங்களா சார்?” என்று கேட்டான். நான் ஏதோ சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

நாளை மத்தியானம் நாங்கள் கோச்சுகள் நால்வரும் உட்கார்ந்து பேசுகிறோம். அங்கே நான் இருக்கிறேன் அல்லவா? இருக்கிறேன். நீ அதையே நினைத்துக்கொண்டு ஊசியை இடம் மாற்றிக் குத்திவிடாதே.

வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார்.

இப்படிக்கு,
அதே ஆள்.


முகாம்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள என் மனைவிக்கு,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை, நலமாக இரு. இந்தக் கடிதத்தில் எங்கேயாவது தமாஷ் இருந்தால் அது பயத்தில் வந்தது என்று எடுத்துக்கொள்.

யார் உள்ளே, யார் வெளியே என்று நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும். நீ படித்துவிடுவாய். உன் தம்பியின் பெயர் இருக்காது. அதைச் சொல்ல இந்தக் கடிதம் தேவையில்லை. பேப்பரில் வராதது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் சின்ன அறை ஒன்றில் நாங்கள் நான்கு பேர். வெள்ளைப் பலகையில் பழைய அம்புக்குறிகள், ஆறிப்போன டீ, நடுவில் யாரும் தொடாத பிஸ்கட். மற்ற இடங்களெல்லாம் சட்டென்று முடிந்துவிட்டன. சின்னவர்களில் கொசுவும் கொட்டாவியும் உள்ளே. மிச்சம் ஒரு இடம். கோல்கீப்பர் கோச், கேப்டன்தான் வேண்டும் என்றார். கோலில் நிற்கிற கொட்டாவிக்கு முன்னால் ஒரு பெரிய ஆள் வேண்டுமாம். உடற்பயிற்சிக்காரர், பையன்தான் என்றார். தலைமைக் கோச் தன் எண்ணத்தைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

நான் முந்திக்கொண்டேன். நான் அவன் அக்கா புருஷன், என்னைக் கேட்பது முறையில்லை, விட்டுவிடுங்கள் என்றேன். நல்லபிள்ளையாக எழுந்து ஜன்னல் பக்கம்கூடப் போய்விட்டேன். மனுஷன் விடவில்லை.

“அதனாலதான் உன்னைக் கேக்கிறேன். நீ சொல்லிட்டா அப்புறம் வெளியில எவனும் வாயைத் திறக்க முடியாது” என்றார்.

எப்படிப்பட்ட ஆள் பார்! என்னைக் குடையாகப் பிடிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மயக்கம் போட்டு விழலாமா என்று யோசித்தேன். இந்த உடம்பைத் தூக்க மூன்று பேரால் முடியாது. கேப்டன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நீ விமான நிலையத்தில் நின்ற மாதிரியே கண்ணுக்கு முன்னால் நிற்கிறாய், கையில் அந்தச் சிவப்புப் பை. வாயைத் திறந்தேன். மனதில் ஓடியது நீ இல்லை. மூன்றாவது தடவை, வேகக்காரன் வருவதற்கு முன்பே அங்கே போய் நின்றானே, அந்தப் பையன்.

“பையன்” என்றேன்.

பெரிய பேச்சு ஒன்று தயாராக வைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

உன்னிடம் ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பிக்கு முட்டியில் கோளாறு, அவன் உடம்பைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி எழுதினால் நீயே எனக்கு நன்றி சொல்வாய். ஆனால் அவனுக்கு ஒரு கோளாறும் இல்லை. நன்றாகத்தான் ஆடுகிறான். பையன் அதைவிட நன்றாக ஆடுகிறான். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இன்று காலை தலைமைக் கோச் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை. அவன் வெளியே வந்து, பாதியில் விட்டுவந்த முட்டையைச் சாப்பிட்டு முடித்தான். தட்டைக் கழுவி வைத்தான். அதன்பிறகு எல்லார் முன்னாலும் பெயர்களை வாசித்தார்கள். ஒட்டடைக்கம்பு தன் பெயர் வந்ததும் எழுந்து நிற்காமல் இன்னும் குனிந்துகொண்டான். யாரும் கை தட்டவில்லை.

வெளியே போகிற மற்ற இரண்டு பேரும் மத்தியானமே போய்விட்டார்கள். உன் தம்பி போகவில்லை. முடிவெட்டு இந்தத் தடவை நடக்காது என்று எல்லாரும் நினைத்தோம். மேனேஜர்கூட, பழக்கமெல்லாம் காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும் என்று என்னிடம் தத்துவம் பேசினார். சாயங்காலம் மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி இறங்கி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உன் தம்பி. தாழ்வாரத்தில் போட்டான். நீள வயரை இழுத்து மெஷினைச் சொருகினான். துண்டை உதறினான். அணி மொத்தமும் சுவரோரம் சாய்ந்து நின்றது. முதலில் கொசு. பிறகு கொட்டாவி, அவன் ஒருவன்தான் அங்கே நிம்மதியாக இருந்தவன், பாதி வெட்டில் தூங்கிவிட்டான். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒட்டடைக்கம்பு உட்கார்ந்தான். உட்கார்ந்தும் அவன் தலை உன் தம்பியின் நெஞ்சு வரை வந்தது. “நடுங்காதடா, காது போயிடும்” என்றான் உன் தம்பி. குரலில் ஒன்றுமே இல்லை, கோபமும் இல்லை, பரிவும் இல்லை. பின்கழுத்திலிருந்து ஆரம்பித்து மேலே போனான். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் காடாக நிற்கிறது. அப்போது மெஷினை நிறுத்தினான்.

மெஷின் சத்தம் நின்றதும் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“என் பேரை எடுக்கச் சொன்னது யாரு?”

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பையனின் பாதித் தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கோல்கீப்பர் கோச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். தலைமைக் கோச் தன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். நான் சொல்லாவிட்டால் அவர் தன் தலையில் போட்டுக்கொள்வார் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. அவரும் கெட்ட மனுஷன் இல்லை. ஒரு நிமிஷம், அவர் தலையிலேயே விட்டுவிடலாமா என்றும் இருந்தது. பையன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பாவம், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் போல. உதடு ஏதோ சொல்லத் துடிக்கிறது.

“நான்தான்” என்றேன்.

அவன் திரும்பவில்லை. மெஷினைப் போட்டான். இடது பக்கத்தை வலது பக்கத்தைவிட மெதுவாக, ஓரம் சீவி, காதை மடித்து, கிருதாவை நேராக்கி முடித்தான். இவ்வளவு நல்ல வெட்டு இந்த அணியில் எவனுக்கும் கிடைத்ததில்லை. துண்டை எடுத்து உதறினான். போய்க் குளி, கழுத்தெல்லாம் அரிக்கும் என்று பையனை எழுப்பிவிட்டான். பிறகு நாற்காலியைத் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“உக்காருங்க அத்தான்.”

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? ஒரு காதிலிருந்து மறுகாதுவரை நான் கட்டிக் காத்த பாலம் முதல் இழுப்பிலேயே மடியில் விழுந்தது. யாரோ ஒருவன் மூக்கால் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். மெஷின் நடு மண்டையில் ஏறியது. காதருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

“நேத்து நீங்க சொன்னதுக்குக் கோபமில்லை அத்தான். அது உங்க வேலை. புதன்கிழமை காய்ச்சக்காரனை என் எதிர்ல நிறுத்துனீங்க பாருங்க. அன்னிக்கே என்னை டீம்ல இருந்து எடுத்துட்டீங்க.”

எனக்குப் பதில் தெரியும். உன் அக்காவுக்காகத்தான் செய்தேன் என்பது நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் பழி உன் தலையில் விழும். முழுங்கிவிட்டேன். இதுவரை நான் முழுங்கிய ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் என் காதை மடித்தான், இரண்டு விரலால், முன்பக்கமாக. உன் பிடி. அவன் கோபத்தோடுதான் மடித்தான், அழுத்திப் பிடித்தான், ஆனாலும் உன் பிடிதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாரும் நான் முடிக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

முடித்ததும் துண்டால் கழுத்தைத் துடைத்துவிட்டான். சட்டைக் காலருக்குள் விழுந்த முடியைக்கூடத் தட்டிவிட்டான். “அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்” என்றான். வயரைச் சுற்றி, மெஷினை யாரிடமும் கொடுக்காமல், தன்னோடு எடுத்துக்கொண்டு படி ஏறினான். ஒவ்வொரு படியாக.

இப்போது அவன் பெட்டி வாசலில் இருக்கிறது. வேன்காரரே அவனையும் ஸ்டேஷனில் இறக்கிவிடப் போகிறார். இந்தக் கடிதமும் அதே வேனில்தான் வருகிறது. அவனுக்குத் தெரியாது.

இது உன் கைக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். ஜெயித்தோமா தோற்றோமா என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. டிவியில் தலைமைக் கோச்சுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைத் தலையைப் பார்த்து, இது யார் புது ஆள் என்று நினைத்திருப்பாய். ஜெயித்திருந்தால் நான் சொன்னது சரி என்பார்கள், தோற்றிருந்தால் துரோகி என்பார்கள். இரண்டில் எதுவும் வந்து சேர்வதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். ஜெயித்தபிறகு சொன்னால் அது பெருமையடிப்பது. தோற்றபிறகு சொன்னால் மன்னிப்புக் கேட்பது. நான் இரண்டையும் செய்யவில்லை. நீ கேட்ட ஒன்றை நான் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மேட்ச் முடிந்து வாளியிலிருந்து போன் வந்ததும் உன்னைக் கூப்பிடுவேன். இதைப் பற்றிப் பேசத் தைரியம் வராது. மொட்டையைப் பற்றி ஏதாவது உளறுவேன், தொப்பிக்கு அளவு கேட்பேன், நீயும் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டேன். இதைப் படித்தபிறகு நீ என்ன செய்கிறாய் என்பதுதான் கணக்கு.

முதலில் தம்பியைக் கூப்பிடு. அவன் பேசுவதை முழுக்கக் கேள், என் பக்கம் ஒரு வார்த்தைகூடப் பேசாதே. அவன் என்னைத் திட்டினால் சேர்ந்து திட்டு. உனக்கும் திட்ட ஆசை இருக்கும்.

லீவுக்கு நீ வருவதற்குள் என் தலையில் ஏதோ கொஞ்சம் முளைத்திருக்கும். இந்த வயதில் முளைப்பது எப்படி இருக்குமோ தெரியாது. வரும்போது அந்தப் பழைய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வா. கோபத்தோடு வந்தாலும் சரி, காதை எவ்வளவு அழுத்தி மடித்தாலும் சரி.

நீயும் அவனும் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் விழாமல் நிற்க வேண்டும்; விழுந்தாலும் மூன்றாவது தடவைக்கு எழுந்திருக்க வேண்டும். இதற்குமேல் வேண்டிக்கொள்ள எனக்கு வாயில்லை.

தலை குளிர்கிறது.

இப்படிக்கு,
உன்னுடையவன் என்று நீ இன்னும் சொன்னால், உன்னுடையவன்.